பழைய டிராக்டரின் ஸ்டீரிங் மூட்டுகள்: பராமரிப்பும் பழுது பார்த்தலும்

நமது செங்கற்பட்டு ஜில்லாவில் கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர்களிலும், அங்கத்தினர்கள் சொந்தமாய் வைத்திருக்கும் டிராக்டர்களிலும், வயது முதிர்ந்தவை பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றின் எஞ்சினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். புகை கறுத்தால் உடனே மெக்கானிக்கை அழைக்கிறார்கள். எண்ணெய் ஒழுகினால் கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிறார்கள். ஆனால் முன்சக்கரங்களைத் திருப்பும் உறுப்புகளை, அதிலும் அவற்றை ஒன்றோடொன்று பூட்டும் சிறு மூட்டுகளை, அவை கழன்று விழும் வரையில் கவனிப்பவர் மிகச் சிலரே. எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். அன்றைய வேலை கெடும், அவ்வளவுதான். ஸ்டீரிங் மூட்டு கழன்றாலோ வண்டி நிற்பதில்லை. அது ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் ஓட்டுகிறவன் கைக்கு அடங்கி ஓடாது. மதுராந்தகம் ஏரிக்கரை போன்ற உயர்ந்த கரையின் மேலோ, கரும்புப் பாரத்துடன் படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குச் செல்லும் பாதையிலோ, கார்களும் பஸ்களும் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ இப்படி நேர்ந்தால் வரக்கூடிய அபாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கூட்டுறவுக்கு நமது பிரதேசம் புதிதன்று. அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் விவசாயக் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் 1904-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டன. அந்நாளைய விவசாயி தன் காளை நொண்டினால் எந்தக் காலில், எந்த மூட்டில் நோவு என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். டிராக்டருக்கும் அத்தகைய கைப்பரீட்சை உண்டு. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு பேரும் ஒரு ஜாக்கியும் கால் மணி நேரமும் இருந்தாற் போதும். அந்தப் பரீட்சையையும், அதன்பின் செய்ய வேண்டிய வேலையையும் சற்று விவரமாய்ச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

டிரைவர் பிடித்துத் திருப்பும் சக்கரத்தின் தண்டு கீழே ஒரு பெட்டிக்குள் செல்லுகிறது. இதனை ஸ்டீரிங் பெட்டி என்பர். பெட்டியிலிருந்து வெளியே தொங்கும் இரும்புக் கரத்திற்கு டிராப் ஆர்ம் என்று பெயர். சக்கரத்தைத் திருப்பும்போது இக்கரம் முன்னும் பின்னும் ஊசலாடும். இதன் முனையிலிருந்து முன்சக்கரத்தின் பக்கம் ஓடும் நீண்ட கம்பி டிராக் லிங்க். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் என்னும் செங்குத்தான தண்டின் தலையில் ஒரு சிறு கரம் பூட்டப்பட்டிருக்கிறது; டிராக் லிங்க் அக்கரத்தை இழுத்தும் தள்ளியும் சக்கரத்தைத் திருப்புகிறது.

சில மாதிரிகளில் டிராப் ஆர்ம் ஒன்றே. அது ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்ப, குறுக்கே ஓடும் டை ராடு என்னும் கம்பி மறுபக்கத்துச் சக்கரத்தையும் உடன் திருப்பும். வேறு சிலவற்றில் பெட்டியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு டிராப் ஆர்மும், ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனித்தனி டிராக் லிங்கும் உண்டு; குறுக்குக் கம்பி கிடையாது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குஸன் டி.இ. 20 டிராக்டர் இந்த இரட்டைக் கரமுறையைக் கொண்டதே. முன்சக்கரங்களின் இடைவெளியைப் பயிர் வரிசைக்கேற்ப அகட்டினாலும் சக்கரங்களின் நேர்மை கெடாதிருப்பது இம்முறையின் நன்மை. சென்னை செம்பியத்தில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனி மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்து நமது நாட்டில் பரப்பியது. ஆகையால் பெர்குஸன் வழிவந்த வண்டிகள் இங்கே யாவருக்கும் பழக்கமானவை. தங்கள் சங்கத்து வண்டி இவ்விரண்டில் எந்த வகை என்பதை முதலில் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுதல் நலம். பழுது பார்க்கும் முறை பின்னால் அதைப் பொறுத்து மாறும்.

இக்கம்பிகளின் ஒவ்வொரு முனையிலும் உள்ளது பால் ஜாயிண்டு, அதாவது பந்து மூட்டு. நமது தோளில் கையெலும்பின் உருண்டைத் தலை குழிக்குள் பொருந்தி எப்பக்கமும் அசைவது போலவே, இதிலும் ஓர் எஃகு உருண்டை ஒரு கிண்ணத்திற்குள் பொருந்தியிருக்கிறது. உருண்டையோடு சேர்ந்த காம்பு, நுனி சிறுத்துக் கூம்பாக இருக்கும். அது கரத்தின் முனையிலுள்ள கூம்பான துவாரத்திற்குள் இறுகி உட்கார்ந்து, மேலே காசில் நட் என்னும் பற்கள் வெட்டிய நட்டினாலும், அதன் குறுக்கே செருகிய ஸ்பிளிட் பின்னினாலும் காவல் செய்யப்படுகிறது. மூட்டின் வாயில் ஒரு ரப்பர் உறை உண்டு. கிரீஸ் உள்ளேயும் சேறு வெளியேயும் இருக்கும்படி செய்வது இந்த உறையே. விலையில் மிக அற்பமான இந்த உறை கிழிந்த நாளிலிருந்துதான் மூட்டின் அழிவு தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

நமது பகுதியில் விரைவில் தேய்வதேன்

புன்செய் நிலத்தில் மட்டும் உழும் வண்டியின் மூட்டுகள் பல வருஷம் தாங்கலாம். நமது பகுதியின் நிலைமை வேறு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள இடங்களில் சேற்றுழவு மாறி மாறி வருகிறது. கேஜ் வீல் பூட்டிச் சேடை ஓட்டுகையில் முன்சக்கரம் முழங்கால் ஆழச் சேற்றில் அமிழும். கிழிந்த உறை வழியாய்ச் சேற்று நீர் மூட்டிற்குள் புகுந்து, கிரீஸுடன் கலந்து, சாணைக்கல்லில் பூசும் பொடிக் குழம்பு போலாகிவிடும். அதன்பின் சக்கரம் திரும்பும்போதெல்லாம் உருண்டையும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைக்கின்றன.

கடலோரத்திற்கு இன்னொரு தொல்லை சேர்கிறது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம், பாலாறு கடலொடு கலக்கும் இடம் வரையிலும், அதற்குத் தெற்கே செய்யூர் உப்பளங்கள் வரையிலும் உப்புக் காற்று ஓயாமல் வீசுகிறது. கொட்டகையில் சும்மா நிற்கும் டிராக்டரிலும் நட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். படகுகளை மணலில் இழுத்து மேடேற்ற டிராக்டரைக் கொண்டு போகிற குப்பங்களில் உவர்நீரும் பொடிமணலும் நேராகவே மூட்டில் படுகின்றன. கடல் மணல் வயற்சேற்றிலும் கொடியது. துரு அதற்குத் துணை. அத்தகைய வேலைக்குச் சென்ற வண்டியை அன்று மாலையே நல்ல நீரில் கழுவி, கழுவிய பின்னர் கிரீஸ் அடித்துவிட வேண்டும். மறு நாள் என்று வைத்துக்கொள்ளலாகாது. கழுவும் பம்பின் வேகமான நீர்த்தாரையை ரப்பர் உறையின் மேல் நேராகப் பாய்ச்சுவதும் தவறு. வெளியிலிருக்கும் அழுக்கை அது உள்ளே ஏற்றிவிடும்.

கைப்பரீட்சை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துக்கொள்க. முன்சக்கரங்கள் நேராக நிற்கட்டும். ஒருவர் மேலே அமர்ந்து ஸ்டீரிங் சக்கரத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாய் அசைக்க வேண்டும். மற்றவர் கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பழைய வண்டியில் ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பு ஓரிரண்டு அங்குலம் வெறுமே ஆடுவது சகஜம். அதற்கு மேல் ஆடினால் ஆட்டம் எங்கேயிருக்கிறது என்று தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒழுங்கான வழியுண்டு. மேலிருந்து கீழாக, சங்கிலியின் கண்ணிகளை எண்ணுவதைப் போலப் பார்த்துச் செல்ல வேண்டும். ஸ்டீரிங் சக்கரம் அசைந்தும் டிராப் ஆர்ம் அசையாவிடில் குறை பெட்டிக்குள் இருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்தும் டிராக் லிங்க் அசையாவிடில் அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மூட்டு தேய்ந்தது. டிராக் லிங்க் அசைந்தும் ஸ்பிண்டிலின் கரம் அசையாவிடில் முன்பக்கத்து மூட்டு. கரம் அசைந்தும் சக்கரம் அசையாவிடில் கரம் ஸ்பிண்டிலின் தலையில் இறுகப் பூட்டப்படவில்லை, அல்லது சக்கரத்தின் பேரிங் தளர்ந்துள்ளது. கண்ணால் பார்ப்பதைவிடக் கைவிரலை மூட்டின் கிண்ணத்திலும் காம்பிலும் சேர்த்து வைத்துப் பார்ப்பது நிச்சயமானது. மயிரிழை ஆட்டமும் விரலுக்குத் தட்டுப்படும். காது கூட உதவும். தேய்ந்த மூட்டு ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

இரண்டாவது பரீட்சைக்கு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இதில் எச்சரிக்கை தேவை. டிராக்டரின் முன்னச்சு நடுவில் ஓர் ஊசியில் தொங்கி, தராசுக்கோல் போல் இருபுறமும் சாயக்கூடியது. ஒரு பக்கத்தைத் தூக்கினால் வண்டி மறுபக்கம் சாயும். ஆகவே அச்சுக்கும் வண்டிச் சட்டத்திற்கும் நடுவே இருபுறமும் மர ஆப்புகளை இறுக்கிவிட்டுப் பின்னரே ஜாக்கி கொடுக்க வேண்டும். தூக்கிய பின் கனமான கட்டையின் மேல் அச்சை இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை கால் நீட்டுவது வீண் சாகசம்.

தூக்கிய சக்கரத்தை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் பிடித்து அசைத்தால் மூட்டுகளின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் ஆட்டமோ ஸ்பிண்டில் புஷ்ஷின் ஆட்டமோ தெரியும். இவ்விரண்டையும் பிரித்தறிவதும் எளிதே: சக்கரம் மட்டும் ஆடி ஸ்பிண்டில் நிலையாய் நின்றால் பேரிங், ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் புஷ். புஷ் தேய்ந்திருக்கையில் மூட்டுகளை மட்டும் புதிதாக்கிவிட்டு ‘காசு போயிற்று, ஆட்டம் போகவில்லை’ என்று கம்பெனிக்காரரை நொந்துகொள்ளுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நடு ஊசி தேய்ந்து அச்சே முன்னும் பின்னும் நகர்கிறதா என்பதையும் ஒரு கடப்பாறையால் நெம்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பவர் ஸ்டீரிங் உள்ள வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதில் எண்ணெயின் அழுத்தம் திருப்புவதால் டிரைவர் கைக்கு ஆட்டம் தெரியாது. மூட்டு பாதி தேய்ந்த பின்னும் சக்கரம் மெத்தென்றே திரும்பும். ஆகையால் தூக்கிப் பார்க்கும் பரீட்சை அவ்வண்டிக்கு இன்னும் அவசியம்.

கிரீஸ்

பழைய மூட்டுகளில் பெரும்பாலும் கிரீஸ் நிப்பிள் இருக்கும். சாதாரண வேலையில் பத்து மணி நேர ஓட்டத்திற்கு ஒரு முறை, சேற்றுழவில் ஒவ்வொரு நாள் மாலையும் கிரீஸ் அடிக்க வேண்டும். காலையில் அடிப்பதிலும் மாலையில் அடிப்பது மேல்; அன்று புகுந்த நீர் இரவு முழுவதும் உள்ளே தங்கித் துருவேற்றாமல் புதுக் கிரீஸ் அதைத் தள்ளிவிடும். நிப்பிளின் தலையைத் துணியால் துடைத்த பின்னரே கன்னைப் பொருத்துக. துடைக்காமல் அடித்தால் நிப்பிளின் மேலுள்ள மண்ணை நாமே உள்ளே செலுத்தியவர்களாவோம். பழைய கறுத்த கிரீஸ் வெளிவந்து புதிதின் நிறம் தெரியும் வரை மெதுவாய் அடித்தால் போதும். மேலும் மேலும் அழுத்தினால் உறை வெடித்துவிடும்.

நிப்பிள் அடைத்துக்கொண்டு கிரீஸ் போகாவிடில் அதைக் கழற்றிப் புதிது போடுவது சில நிமிஷ வேலை. பல வண்டிகளில் ஒரு பக்கத்து நிப்பிள் வருஷக்கணக்காய் அடைத்தே கிடக்கிறது; டிரைவர் மற்ற மூன்றிற்கும் ஒழுங்காய் அடித்து இதை விட்டுவிடுகிறார். நிப்பிளே இல்லாத மூடிய மூட்டுகளும் கடையில் வருகின்றன. அவற்றிற்கு ஆயுள் உள்ளவரை வேறு கிரீஸ் இல்லை. உறை கிழிந்தால் மூட்டையே மாற்ற வேண்டும். சேற்று நிலத்திற்கு நிப்பிள் உள்ளதே ஏற்றதென்பது என் எண்ணம்.

மாற்றும் முறை

பந்து மூட்டு தேய்ந்துவிட்டால் பட்டறையில் சரிசெய்ய இயலாது, மாற்றத்தான் வேண்டும். மிகப் பழைய சில டிராக் லிங்குகளின் முனையில் மட்டும் உள்ளே வில்லும் வெளியே திருகு மூடியும் இருக்கும். அவற்றில் ஸ்பிளிட் பின்னை எடுத்து, மூடியை முற்றும் முறுக்கி, பின் துவாரம் நேர்ப்படும் வரை சிறிதே தளர்த்திப் புதுப் பின் போட்டால் ஆட்டம் குறையும். இதுவும் உருண்டை முட்டை வடிவமாகத் தேயாத வரைதான்.

மாற்றத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதற் காரியம் அளவெடுத்தல். கம்பியின் இரு முனைகளிலுமுள்ள மூட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தை டேப்பால் அளந்து சுவரில் சாக்குக் கட்டியால் எழுதி வைத்துக்கொள்க. எத்தனை மரை வெளியே தெரிகிறது என்பதையும் எண்ணிக்கொள்க. இதைச் செய்யாமல் கழற்றிவிட்டுப் பின்பு உத்தேசமாய்ப் பூட்டுவதனாலேயே முன் டயர்கள் ஒரே போகத்தில் மொட்டையாகின்றன.

பிறகு ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவுக. துருப்பிடித்த நட்டிற்கு முதல் நாளே மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு வைத்தால் மறு நாள் இளகி வரும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்க விட்டுவிடுவது நல்லது; காம்பு திடீரென்று விடுபடும்போது கம்பி காலின் மேல் விழாது. கூம்பு கரத்தில் இறுகியிருப்பதால் இழுத்தால் வராது. இதற்குப் புல்லர் என்னும் கருவி சிறந்தது. புல்லர் இல்லாத இடத்தில் இரண்டு சுத்தியல் போதும். காம்பு நுழைந்திருக்கும் கரத்தின் கண்ணிற்கு ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொன்றால் ஓங்கி இரண்டு மூன்று அடி அடித்தால், கண் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். காம்பின் நுனியில் மேலிருந்து அடிப்பதுதான் நமது பட்டறைகளின் வழக்கம். அதனால் மரை நசுங்கி நட்டே கழலாமற் போகும், மூட்டும் விடுபடுவதில்லை.

நெருப்பு வைத்துச் சூடேற்றிக் கழற்றுவதை எவ்விதத்திலும் அனுமதிக்கக்கூடாது. உள்ளேயுள்ள கிரீஸ் கொதித்து மூட்டு வெடித்து முகத்தில் தெறிக்கலாம். வெடிக்காவிடினும் கரத்தின் எஃகு பதம் கெடும். அதன் பலம் போனது கண்ணுக்குத் தெரியாது.

காம்பு விடுபட்ட பின் கம்பியிலுள்ள லாக் நட்டைத் தளர்த்தி, மூட்டைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே கழற்றுக. டை ராடில் ஒரு முனையின் மரை சாதாரணமாகவும் மறு முனையின் மரை எதிர்ப்பக்கமாகவும் இருக்கும். கம்பியைச் சுழற்றினாலே நீளம் கூடவும் குறையவும் வேண்டி அப்படிச் செய்திருக்கிறார்கள். இதை அறியாமல் பைப்பைப் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுப்பாருண்டு. கடையில் வாங்கும்போதும் இடது வலது பார்த்து வாங்க வேண்டும். புதிய மூட்டை எண்ணிய சுற்றுகளே உள்ளே செலுத்தி, நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரத்தை ஒத்துப் பார்த்துக்கொள்க.

கரத்தின் கூம்புத் துவாரத்தை உலர்ந்த துணியால் சுத்தமாய்த் துடைக்க வேண்டும். அங்கே கிரீஸோ எண்ணெயோ தடவலாகாது. கூம்பு கூம்பைப் பிடிப்பது உலர்ந்த இரும்பின் பிடியால்தான். நட்டைக் கைப்புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கிய பின், காம்பின் துவாரமும் நட்டின் பல்லும் நேர்ப்படாவிடில், இன்னும் சிறிது முறுக்கி நேராக்குக. நேராவதற்காகத் தளர்த்துவது ஒருபோதும் கூடாது. பிறகு புதிய ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது கால்ரூபாய்ச் சிக்கனம். அது ஒரு முறை வளைந்து நிமிர்ந்ததாகையால் இரண்டாம் முறை வளைக்கையில் வெடித்திருக்கும்.

புதுக் காம்பு துவாரத்திற்குள் அளவுக்கு மீறி இறங்கினாலும், நட்டு முழுதும் முறுக்கிய பின்பும் காம்பு அசைந்தாலும், தேய்ந்தது கரத்தின் துவாரம் என்று அறிக. தளர்ந்த காம்பு பல நாள் உள்ளே ஆடித் துவாரத்தை அகற்றிவிட்டிருக்கும். அப்போது கரத்தையும் மாற்றியே தீர வேண்டும். தகரத் துண்டைச் சுற்றிச் செருகுவதும், வெல்டு வைத்துத் துளையிடுவதும் நமது பட்டறைகளில் சகஜமாய் நடக்கின்றன. ஸ்டீரிங் கரங்கள் அடித்து உருவாக்கிப் பதமிட்ட எஃகினால் ஆனவை. வெல்டின் சூட்டில் அதையடுத்த இடம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. மேலே பூசிய வெல்டு உறுதியாய்த் தோன்றும். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, என்றோ ஒரு நாள், ஒரு வரப்பின் மேல், கரம் முறியும். கலப்பைக்கு வெல்டு வைக்கலாம். அது முறிந்தால் உழவு நிற்கும். ஸ்டீரிங்குக்கு வைக்கக்கூடாது.

உதிரிப் பாகம் வாங்குவதில் சிக்கனம் பார்க்கிறவர்கள் மூட்டில் பார்க்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த ரானே (மெட்ராஸ்) போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாய் ஸ்டீரிங் உறுப்புகள் செய்து வருகின்றன; டிராக்டர் கம்பெனிகளின் சொந்த உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. பெயரில்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதை வாங்கினால் உருண்டையின் எஃகு எப்படிப்பட்டதென்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பில் பெற்று வாங்குதல் தணிக்கைக்கு மட்டுமன்றி, குறை கண்டால் திருப்பிக் கொடுப்பதற்கும் உதவும்.

சக்கரங்களின் நேர்மை

மூட்டு மாற்றிய பின் இரு முன்சக்கரங்களும் முன்பக்கம் சற்றே உள்நோக்கி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது கைப்புத்தகத்தில் இருக்கும். பல மாதிரிகளில் அது சில மில்லிமீட்டரே. அளக்கும் விதம்: வண்டியை நேராக நிறுத்தி, அச்சின் உயரத்தில், இரு ரிம்களின் உட்புறத்திலும் பின்பக்கம் சாக்குக்குறி இட்டு அவற்றிடையே உள்ள தூரத்தை அளக்க. பின்பு வண்டியை மெல்ல முன்னே தள்ளிச் சக்கரங்கள் அரைச்சுற்றுச் சுற்றி அதே குறிகள் முன்பக்கம் வந்ததும் மறுபடி அளக்க. முன்னளவு பின்னளவிலும் சிறிது குறைவாயிருத்தல் வேண்டும். அதே குறிகளை இருமுறையும் அளப்பதால் ரிம் சற்று நெளிந்திருந்தாலும் கணக்கு தவறாது. டை ராடு உள்ள வண்டியில் அதைச் சுழற்றிச் சரிசெய்யலாம். இரட்டைக் கரமுள்ள வண்டியிலோ முதலில் ஸ்டீரிங் சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பி எண்ணி நடுவில் நிறுத்திய பின், இரு டிராக் லிங்குகளையும் தனித்தனியே நீட்டியோ குறைத்தோ இரண்டு சக்கரங்களையும் நேராக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தினால் வண்டி ஒரு பக்கம் நன்றாய் ஒடிந்து மறுபக்கம் ஒடியாது. டயரின் விளிம்பைக் கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போலவும் இருந்தால் நேர்மை கெட்டிருக்கிறது என்று அளக்காமலே சொல்லலாம்.

ஸ்டீரிங் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் மட்டம் பார்த்து ஊற்றுக. ஒழுகினால் சீல் மாற்றுக. மூட்டுகளின் ஆட்டத்தைப் போக்க எண்ணிப் பெட்டியின் திருகை முறுக்குவது மட்டும் வேண்டாம். பெட்டியின் பற்கள் நேராக ஓட்டும் நடு இடத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவுக்கேற்ப முறுக்கினால் கோடியில் திருப்பும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

டிரைவரும் கமிட்டியும்

மூட்டின் ஆயுள் பாதி டிரைவர் கையில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை முறுக்காமல் வண்டியைச் சற்று நகர்த்திக்கொண்டே திருப்ப வேண்டும். சேற்றில் வளையும்போது அந்தப் பக்கத்துப் பிரேக்கை மிதித்துத் திருப்பினால் மூட்டின் மேல் பளு குறையும். வரப்பை வேகமாய்க் கோணலாய் ஏறாமல் மெதுவாய் நேராய் ஏறுதல் வேண்டும். வரப்பில் முன்சக்கரம் மோதும்போது ஸ்டீரிங் திடீரென்று சுழலும்; கட்டைவிரலை உட்பக்கம் கம்பிகளுக்கிடையில் கோத்துப் பிடித்தவருக்கு விரல் முறியும். ஆகவே கட்டைவிரலை வளையத்தின் மேலேயே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

என் வட்டத்தைச் சேர்ந்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். சம்பா நடவு மும்முரத்தில் டிரைவர் முன் மூட்டு ஆடுகிறதென்று இருமுறை கூறினார். ‘பருவம் முடியட்டும்’ என்று கமிட்டியார் தள்ளி வைத்தனர். ஸ்பிளிட் பின் எப்போதோ ஒடிந்து அதனிடத்தில் ஓர் ஆணி செருகப்பட்டிருந்தது. ஒரு மாலை ஏரிக்கரையிலிருந்து இறங்கும் திருப்பத்தில் ஆணி விழுந்து, நட்டுக் கழன்று, டிராக் லிங்க் தரையில் இழுபட்டது. வண்டி மெதுவாய்ச் சென்றதாலும், டிரெயிலரில் ஆட்கள் இல்லாததாலும் உயிர்ச்சேதம் நேரவில்லை. வண்டி கரைச்சரிவில் இறங்கி மரத்தில் மோதி முன்னச்சு வளைந்தது. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. சில நூறு ரூபாய் பெறும் மூட்டுக்காக மூன்று வார வாடகையும் அச்சின் விலையும் வைத்தியச் செலவும் போயின. அங்கத்தினர் பலர் வெளி வண்டிகளுக்குக் கூடுதல் வாடகை கொடுத்து உழுதுகொண்டனர். அன்று மாலை டிரெயிலரில் நாற்றுக் கட்டுகளோடு நடவுப் பெண்கள் ஏறியிருக்க வேண்டியவர்கள். மழைக்கு அஞ்சி முன்னமேயே நடந்து வீடு சேர்ந்துவிட்டார்கள். டிரெயிலர் சரக்கு ஏற்றுவதற்கே. ஆட்களை ஏற்றுவது சட்டத்திற்கும் விரோதம் என்பதைக் கமிட்டியார் டிரைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்திருத்தல் நல்லது.

சங்கங்களில் டீசல் கணக்கும் வாடகை மணிக் கணக்கும் ஒழுங்காய் எழுதப்படுகின்றன. மூட்டுப் பரீட்சைக்கு ஒரு பத்தி கிடையாது. மாதம் ஒரு முறை, பருவம் தொடங்குமுன் கட்டாயமாக, மேற்சொன்ன இரண்டு பரீட்சைகளையும் செய்து, இடது, வலது, பெட்டி, புஷ், பேரிங் என்று ஐந்து கலங்களில் தேதியுடன் குறித்து, டிரைவரும் செயலாளரும் கையொப்பமிடலாம். ‘ஆடுகிறது’ என்று டிரைவர் எழுதிய பின் அந்த வண்டியைச் சாலைக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்புகிறவர் தம் பெயரை அதன் கீழ் எழுதட்டும். இந்த ஒரு விதியை ஏற்படுத்திய இடங்களில் மூட்டு வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்திற்குக் காத்திருப்பதில்லை. அவசர உதிரிப் பாகங்களுக்கெனச் செயலாளர் தம் பொறுப்பில் செலவிடக்கூடிய சிறு தொகையைக் கமிட்டி முன்னதாகவே தீர்மானித்து வைத்துக்கொள்ளலாம். கொட்டகையில் ஒரு மூடிய டப்பாவில், சங்கத்து வண்டிக்குப் பொருந்தும் அளவில் ஒரு டஜன் ஸ்பிளிட் பின்களும், நான்கு கிரீஸ் நிப்பிள்களும், இரண்டு ரப்பர் உறைகளும் இருக்க வேண்டும். டப்பாவின் மூடிக்கு எண்ணெய் தடவி வைக்கவும். கடலோரத்தில் அதுவும் துருப்பிடித்துத் திறக்க வராது.